ஆங்கர் டெக்ஸ்ட் பழுதுபார்ப்பு: எண்ணியது, மாற்றியது, தொடாமல் விட்டது

லிங்க்கில் கிளிக் செய்யும் சொற்கள்தான் ஆங்கர் டெக்ஸ்ட், சுருக்கமாக ஆங்கர். வெளித்தளங்களிலிருந்து வரும் லிங்க்கில் அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. லிங்க் கொடுப்பவர்தான் எழுதுகிறார். நம் கைக்குள் இருப்பவை இரண்டு. ஒன்று, நம் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்குகள். இன்னொன்று, அடுத்தவர் நம்மைக் குறிப்பிடும்போது எடுத்து ஒட்டிக்கொள்ளும் நம் பக்கத் தலைப்பு. லிங்க் பில்டிங் (வெளித்தளங்களிலிருந்து லிங்க் சேர்ப்பது) என்ற பெயரில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கைக்குள் இல்லாததை முறுக்கப் பார்க்கிறது. இங்கே வேலை வரிசை வேறு: முதலில் பட்டியல், அடுத்து உள் லிங்க்குகள், வெளி லிங்க்குகள் கடைசியில்தான்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைத் தளம். சைக்கிள் பராமரிப்பு பற்றியது, பெயர் 'இருசக்கரம்'. அதற்குச் சொல்லப்படும் எண்கள் கணக்கு புரிவதற்கான மாதிரி எண்கள்.

இந்தச் சில சொற்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளின் கட்டமைப்பை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே விஷயம் இருக்கிறது. லிங்க்கில் உள்ள சொற்களை, லிங்க் இருக்கும் பக்கத்தோடு மட்டுமல்லாமல் அது போய்ச் சேரும் பக்கத்தோடும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அடுத்தவர் அதைப் பற்றிச் சொல்வது பல நேரம் துல்லியமாக இருக்கும் என்பது காரணம். படம், மென்பொருள்போல உள்ளே எழுத்தே இல்லாதவற்றையும் இந்த வழியில் தேடலில் கொண்டுவர முடிந்தது. அப்போது 2.4 கோடிப் பக்கங்களைத் திரட்டியதில் 25.9 கோடிக்கும் மேற்பட்ட ஆங்கர்கள் கிடைத்தன.

ஓட்டை அங்கேயே இருந்தது. ஒரு பக்கத்தில் இல்லவே இல்லாத சொல்லுக்குக்கூட அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவர முடியும். பலர் சேர்ந்து அந்தச் சொல்லில் லிங்க் போட்டால் போதும். 2003-இல் 'மிசரபிள் ஃபெயிலியர்' என்று தேடினால் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் வந்தது இப்படித்தான். 2007 ஜனவரியில் கூகுள் அல்காரிதத்தில் இதற்கு ஒரு திருத்தம் செய்தது. காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளுக்கும் ஒரே சொல்லைத் திணித்த ஆங்கர்களுக்கும் பெரிய அடி 2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் என்ற அல்காரிதம் மாற்றத்தின் வடிவில் விழுந்தது. 2016 செப்டம்பரில் வந்த பென்குயின் 4.0 முக்கிய அல்காரிதத்தில் கலந்து உடனுக்குடன் வேலை செய்யத் தொடங்கியது; தளத்தைக் கீழே தள்ளுவதைவிட அந்த லிங்க்குகளின் மதிப்பை எடுத்துவிடும் பக்கம் சாய்ந்தது. ஆகவே இன்று திணித்த ஆங்கரால் பெரும்பாலும் நடப்பது, கொடுத்த காசும் போட்ட உழைப்பும் சத்தமில்லாமல் வீணாவதுதான். ஆனால் கூகுள் ஊழியர்கள் நேரில் பார்த்து எடுக்கும் மேனுவல் ஆக்ஷன் ஒழிந்துவிடவில்லை. அது வந்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அறிவிப்பு இருக்கும். அதை நீக்க, சரிசெய்து மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

பட்டியல் எடுப்பது

சர்ச் கன்சோலில் 'லிங்க்ஸ்' அறிக்கைக்குள் போனால் அதிகம் பயன்பட்ட லிங்க் சொற்களின் பட்டியல் இருக்கும். வரிசை தெரியும். ஒவ்வொன்றும் எந்தத் தளத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வருகிறது என்பது தெரியாது. நோய் இருக்கிறதா என்று நாடி பார்க்க அது போதும், மருந்து கொடுக்கப் போதாது.

அதே அறிக்கையில் வெளி லிங்க்குகளை ஏற்றுமதி செய்யும் பொத்தான் இருக்கிறது. 'சமீபத்திய லிங்க்குகள்' கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் லிங்க் இருக்கும் பக்கங்களின் முகவரியும் தேதியும் மட்டும் வரும், ஆங்கர் வராது. அந்த முகவரிகளை ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற கிராலரில் (பக்கங்களைத் தானாகத் திறந்து படிக்கும் மென்பொருள்) பட்டியல் முறையில் கொடுத்து, 'எச்ரெஃப்பில் நம் டொமைன் உள்ள ஏ டேக்' என்று ஒரு கஸ்டம் எக்ஸ்ட்ராக்ஷன் விதி எழுதினால் ஆங்கர், ஆல்ட் (படத்துக்கான மாற்று விவரம்), ரெல் பண்பு (லிங்க் எந்த வகை என்று தேடுபொறிக்குச் சொல்வது) மூன்றும் கைக்கு வரும். ஏ டேக் என்பது லிங்க்கை உருவாக்கும் எச்டிஎம்எல் குறி; போகும் முகவரி அதன் எச்ரெஃப்பில் இருக்கும். அந்த மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள்வரைதான் போகும்; கஸ்டம் எக்ஸ்ட்ராக்ஷன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை.

பிங் வெப்மாஸ்டர் டூல்ஸை விட்டுவிடாதீர்கள். அதன் பேக்லிங்க் (வெளியிலிருந்து வரும் லிங்க்) அறிக்கை ஆங்கர் சொற்களைக் காட்டும். போட்டித் தளங்களோடு ஒப்பிட்டும் பார்க்கலாம், காசு கிடையாது. அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மஜெஸ்டிக் போன்ற கட்டணக் கருவிகளில் ஏதாவது ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியின் பட்டியலும் முழுமையானதல்ல. மூன்றையும் கலந்து, 'லிங்க் இருக்கும் முகவரி + போகும் முகவரி + ஆங்கர்' மூன்றும் ஒன்றாக இருக்கும் வரிகளை நீக்கினால் வேலைக்கு ஆகும் தாள் (ஸ்ப்ரெட்ஷீட்) கிடைக்கும்.

தாளில் வேண்டிய பத்திகள் (நெடுவரிசைகள்): லிங்க் இருக்கும் முகவரி, அதன் டொமைன், போகும் பக்கம், ஆங்கர் உள்ளபடி, ஆங்கர் சுத்தம் செய்தபின், படமா எழுத்தா, ரெல், பக்கத்தில் எங்கே இருக்கிறது, முதலில் கண்ட தேதி, வகை, முடிவு. 'உள்ளபடி' பத்தியைத் தொடவே கூடாது. சுத்தம் செய்ததில் ஏதாவது தவறினால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

சுத்தம் செய்யும்போது தமிழ் எழுத்து காட்டும் வேலை

ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறியீடுகளாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தாளில் பிவட் (ஒரே மதிப்புள்ள வரிகளைத் தொகுத்து எண்ணும் அட்டவணை) போட்டால் ஒரே ஆங்கர் இரண்டு வரியாக நிற்கும், எண்ணிக்கை பிளந்துபோகும். 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே கதை. மருந்து, எல்லா ஆங்கரையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுவது. பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ், கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ்: இரண்டிலும் ஒரு வரிதான்.

அடுத்தது சதவீதக் குறிகளால் நிரம்பிய ஆங்கர்கள். தமிழ் எழுத்து உள்ள முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அது பெர்சன்ட் என்கோடிங்கில் வந்து விழும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள்; ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்துகள். பக்க முகவரியில் இருபது குறியீடு இருந்தால் ஆங்கர் 180 எழுத்து நீளத்துக்குப் புரியாத சரமாக நீளும். தாளில் இவற்றை டிகோட் செய்து 'வெறும் முகவரி' வகையில் போடுங்கள். லிங்க் கொடுப்பவர்கள் அப்படியே ஒட்டும் பழக்கமுள்ள துறையாக இருந்தால், புதிய பக்கங்களுக்காவது முகவரியைச் சுருக்கமாக, ரோமன் எழுத்தில் வையுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பழைய பக்கங்களின் முகவரியை இதற்காக மாற்ற வேண்டாம்; பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட்களின் சங்கிலி வளர்வதுதான் மிச்சம்.

முன்பின் இடைவெளி, கண்ணுக்குத் தெரியாத சீரோ-விட்த் குறிகள், உடையாத இடைவெளி, முடிவில் ஒட்டிய காற்புள்ளி: இவற்றை நீக்குவது சாதாரண வேலை.

எண்ணுவது டொமைனை, லிங்க்கை அல்ல

இருசக்கரம் தளத்துக்கு 90 டொமைன்களிலிருந்து 1,200 லிங்க்குகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டொமைன் தன் ஃபூட்டரில் (எல்லாப் பக்கங்களின் அடியிலும் வரும் பகுதி) 'சைக்கிள் உதிரிபாகங்கள்' என்று லிங்க் போட்டிருக்கிறது. அந்தத் தளத்தில் 800 பக்கங்கள். இதே சொல்லில் வேறு 6 டொமைன்களிலிருந்து 20 லிங்க்குகள். லிங்க் கணக்கில் இந்தச் சொல் 820, அதாவது 68%. டொமைன் கணக்கில் 90-க்கு 7, எட்டு சதவீதம்கூட இல்லை. முதல் எண்ணைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் கலைப்பவர்கள் உண்டு. உண்மையில் அங்கே இருப்பது ஒரு ஃபூட்டர் பிரச்சினை. ஒரே மின்னஞ்சலில் தீரக்கூடியது.

வகைகள் இவ்வளவு போதும். பிராண்ட்: 'இருசக்கரம்'. வெறும் முகவரி. பொதுச்சொல்: 'இங்கே', 'இந்தக் கட்டுரை', 'மேலும் படிக்க'. பக்கத் தலைப்பு அப்படியே. துல்லியச் சொல்: 'சைக்கிள் செயின்'. பகுதிச் சொல்: 'செயின் தேய்ந்துவிட்டதா என்று அளந்து பார்ப்பது'. பிராண்டும் பொருளும் கலந்தது: 'இருசக்கரத்தின் செயின் அளவீட்டு முறை'. படம். கடைசியாகக் குப்பை: சூதாட்டம், மாத்திரை, நமக்குச் சம்பந்தமே இல்லாத மொழியில் வரும் சொற்கள்.

துல்லியச் சொல் இத்தனை சதவீதம், பிராண்ட் இத்தனை சதவீதம் என்று சூத்திரம் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கூகுள் அப்படி எந்த விகிதத்தையும் வெளியிட்டதில்லை. விகிதம் துறைக்குத் துறை மாறும், பக்கத்துக்குப் பக்கம் மாறும். முகப்புப் பக்கத்துக்குப் பிராண்டும் முகவரியும் குவிவது இயல்பு. ஆழமான ஒரு செய்முறைப் பக்கத்துக்குத் தலைப்பும் பகுதிச் சொல்லும் குவிவது இயல்பு. டொமைன் பெயரே 'சைக்கிள்செயின்' என்று இருந்தால் பிராண்டும் துல்லியச் சொல்லும் ஒன்றாகிவிடும்; எந்தச் சூத்திரமும் அங்கே செல்லாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அதே தேடலில் முதல் பக்கத்தில் நிற்கும் நான்கைந்து பக்கங்களின் ஆங்கர் பட்டியலை எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். தளத்தோடு தளத்தை அல்ல, பக்கத்தோடு பக்கத்தை.

கண்ணில் பட வேண்டிய அறிகுறி சதவீதம் அல்ல, சீர்மை. பலர் தங்கள் விருப்பப்படி எழுதும்போது எழுத்துப்பிழை இருக்கும், பெயரைச் சுருக்குவார்கள், பாதி வாக்கியத்துக்கே லிங்க் போடுவார்கள். பத்து டொமைன்களில் ஒரே மூன்று சொல், ஒரே வரிசை, ஒரே மாதத்தில் முளைத்திருந்தால் யாரோ உட்கார்ந்து வைத்தது என்று மனிதக் கண்ணுக்கே தெரியும்.

உள் லிங்க்குகள்: பெரும்பாலான பலன் இங்கேதான்

தளத்தைக் கிரால் செய்து எல்லா ஆங்கர்களையும் ஏற்றுமதி செய்யுங்கள். மெனு, ஃபூட்டர், பிரெட்க்ரம்ப் (பக்கம் எந்தப் பிரிவில் உள்ளது என்று மேலே காட்டும் வரி) லிங்க்குகளைத் தனியாகப் பிரித்துவிட்டுக் கட்டுரை உடலில் உள்ளவற்றை மட்டும் முதலில் எடுங்கள். இரண்டு பிவட் போதும். ஒன்றில் ஆங்கர் வாரியாக, அது போகும் வெவ்வேறு பக்கங்களின் எண்ணிக்கை. இன்னொன்றில் பக்கம் வாரியாக, அதற்கு வரும் ஆங்கர்கள்.

முதல் பிவட்டில் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டும் வரிகள் உடனடி வேலை. 'செயின் மாற்றுவது' என்ற ஆங்கர் சில பக்கங்களில் செய்முறைக்கும், சில பக்கங்களில் செயின் வகைகளைப் பட்டியலிடும் பக்கத்துக்கும் போனால், எந்தப் பக்கம் எதற்கு என்று நாமே குழப்புகிறோம். பிரிப்பது எளிது: செய்முறைக்குப் போவது 'செயினைக் கழற்றி மாட்டும் முறை', பட்டியலுக்குப் போவது 'எந்த கியருக்கு எந்தச் செயின்'. பெயர் பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்கிறதென்றால் ஆங்கரை விட்டுவிட்டுப் பக்கங்களை ஒன்றாக்குங்கள்.

இரண்டாவது பிவட்டில் முக்கியமான பக்கம் ஒன்றுக்கு 'மேலும் படிக்க' மட்டுமே வருகிறதா என்று பாருங்கள். கட்டுரைப் பட்டியலில் அட்டை வடிவமைப்பு உள்ள தளங்களில் இது மாறாமல் இருக்கும். தலைப்பு வெறும் எழுத்து, கீழே பொத்தானில் மட்டும் லிங்க். சரிசெய்ய, லிங்க்கைத் தலைப்புக்கு மாற்றிவிட்டு, சிஎஸ்எஸ்ஸில் சூடோ எலிமெண்ட் என்ற வெற்று அடுக்கு ஒன்றை அட்டை முழுவதும் விரித்துவிட்டால் எங்கே தொட்டாலும் திறக்கும். ஆங்கர் தலைப்பு மட்டுமாக இருக்கும். சில டெவலப்பர்கள் இதற்கு நேர்மாறாக அட்டை முழுவதையும் ஒரே ஏ டேக்குக்குள் போட்டுவிடுவார்கள். அப்போது தேதி, எழுதியவர் பெயர், முன்னோட்ட வரிகள், 'மேலும் படிக்க' எல்லாம் சேர்ந்து ஒரே ஆங்கர் ஆகிவிடும். தலைப்பு அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும்.

படத்துக்கு லிங்க் இருந்தால் ஆல்ட்தான் ஆங்கர். கூகுளின் ஆவணமே இதைச் சொல்கிறது. லோகோவின் ஆல்ட் 'லோகோ' என்று இருந்தால் தளத்தின் எல்லாப் பக்கங்களும் முகப்பை 'லோகோ' என்று அழைக்கின்றன. பெயரை எழுதுங்கள். உள்ளே எழுத்தே இல்லாத ஏ டேக்கில் டைட்டில் பண்பைக் கூகுள் எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பி விட்டுவிட வேண்டாம். கிளிக் செய்தால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பக்கம் திறக்கும் ஸ்பேன், பட்டன் போன்றவை தேடுபொறிக்கு லிங்க்கே அல்ல. எச்ரெஃப் உள்ள ஏ டேக்தான் கணக்கு.

தானாக லிங்க் போடும் பிளக்-இன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் அவை செய்யும் சேதம் விசித்திரமானது. 'செயின்' என்ற சொல்லைக் கொடுத்து வைத்தால், 'செயினை', 'செயினில்' எதையும் அது கண்டுகொள்ளாது. புள்ளி போய் உயிர்க்குறி வந்துவிட்டதால் எழுத்துச் சரம் பொருந்துவதில்லை. 'பிரேக்' என்று கொடுத்தால் எதிர்ப்பிரச்சினை. 'பிரேக்கை இறுக்கவும்' என்ற வரியில் 'பிரேக்' வரை லிங்க் விழும், 'கை' தனியாக வெளியே நிற்கும். வாசகருக்கு 'கை இறுக்கவும்' என்று படும். முழுச்சொல் மட்டும் என்ற அமைப்பைப் போட்டால் உருபு ஏறிய சொற்கள் எதிலும் லிங்க் விழாது. இத்தனைக்கும் பிறகு லிங்க் விழுந்த இடங்களில் எல்லாம் ஒரே சொல், இடம்பொருள் பார்க்காமல். அந்த பிளக்-இன்னை நிறுத்திவிட்டு, முக்கியமான இருபது முப்பது பக்கங்களுக்குக் கையால் லிங்க் போடுவதே மேல்.

தரவுத்தளத்தில் மொத்தமாகத் தேடி மாற்றும் ஆசை வரும். ஆங்கரில் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு உருபு தேவைப்படும். முகவரி மாற்றத்துக்கு மட்டும் செய்யலாம். வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளை வரிக் கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளையை முதலில் டிரை-ரன்னில் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பாருங்கள். சீரியலைஸ் செய்த (நீள எண்ணிக்கையோடு ஒரே சரமாகச் சேமித்த) தரவை அது உடைக்காமல் மாற்றும். நேரடி எஸ்க்யூஎல் கட்டளை உடைத்துவிடும். எப்படியானாலும் பேக்கப் எடுத்தபின்.

ஆங்கரை எழுதும் விதம்

சோதனை ஒன்றுதான். சுற்றியுள்ள வாக்கியத்தை மறைத்துவிட்டு லிங்க் சொற்களை மட்டும் படியுங்கள். எங்கே போகப்போகிறோம் என்று தெரிந்தால் சரி. ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர் பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும்போது நடப்பதும் இதுதான். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வரையறையில் லிங்க்கின் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது 2.4.4 என்ற எண்ணில் அடிப்படை நிலையிலேயே வருகிறது. தேடுபொறிக்காக ஒன்று, மனிதருக்காக ஒன்று என்று எழுத வேண்டிய அவசியமே இங்கே இல்லை.

ஒரே வரியைப் படிப்படியாகப் பாருங்கள்.

'செயின் தேய்மானம் பற்றி அறிய இங்கே கிளிக் செய்யவும்': லிங்க் 'இங்கே' மேல். பயனில்லை.

'சைக்கிள் செயின் சிறந்த சைக்கிள் செயின் பற்றி அறியவும்': திணிப்பு. சத்தமாகப் படித்தால் நாக்கே சொல்லிவிடும்.

'புதுச் செயின் மாட்டும் முன் பழையது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள், அதன்பின் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யலாம்': முழு வாக்கியத்துக்கும் லிங்க் போட்டால் ஆங்கர் நீண்டுவிடும். 'அளவுகோலால் அளந்து பாருங்கள்' என்பதற்கு மட்டும் போட்டால் எதை என்று தெரியாது. வாக்கியத்தைத் திருத்துங்கள்: 'புதுச் செயின் மாட்டும் முன் செயின் நீட்சியை அளவுகோலால் அளந்து பாருங்கள்.' லிங்க் 'செயின் நீட்சியை அளவுகோலால் அளந்து' வரை. ஆங்கர் சரியில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு வாக்கியத்தில் இருக்கும்.

உருபு சொல்லோடு ஒட்டியிருந்தால் லிங்க்குக்கு உள்ளேயே வையுங்கள். அடிக்கோடு சொல்லின் நடுவில் முடிவது பார்க்க அசிங்கம். 'செயினை', 'செயினுக்கு', 'செயினின்' என்று மாறி மாறி வருவது தமிழுக்கு இயல்பு. அதை ஒரே வடிவத்துக்கு அடக்க முயல வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு சொற்களுக்கு இரண்டு வெவ்வேறு லிங்க் போட்டால் வாசகருக்கு ஒரே லிங்க்காகத் தெரியும். நடுவே சில சொற்களாவது இருக்கட்டும்.

வெளியாட்கள் எழுதப்போகும் ஆங்கருக்கான வேலையும் இங்கேதான் நடக்கிறது, தலைப்பில். 'செயின் பராமரிப்பு: யாரும் சொல்லாத 10 ரகசியங்கள்! முழு வழிகாட்டி' என்ற தலைப்பை யாரும் தன் கட்டுரை வாக்கியத்துக்குள் பொருத்த மாட்டார். 'இங்கே' என்று போட்டுவிட்டுப் போவார். 'செயின் நீட்சியை அளக்கும் முறை' என்ற தலைப்பு அப்படியே வாக்கியத்துக்குள் உட்காரும். நல்ல ஆங்கர் கேட்காமலேயே வருவது இப்படித்தான்.

வெளி லிங்க்குகள்: நான்கு முடிவுகள்

தாளின் ஒவ்வொரு டொமைனுக்கும் கடைசிப் பத்தியில் இவற்றில் ஒன்றை எழுதுங்கள்: விடு, கேள், ரெல் சேர், விலக்கு.

பெரும்பாலானவை 'விடு'. யாரோ தானாகக் கொடுத்த லிங்க்கில் 'இங்கே' என்று இருந்தால் அதை நம் சொல்லாக மாற்றித் தரும்படி மின்னஞ்சல் எழுதுவது இரண்டு வகையில் நஷ்டம். இயல்பான லிங்க் செயற்கையாகிவிடும். எழுதியவர் எரிச்சலில் லிங்க்கையே எடுத்துவிடலாம். சுற்றியுள்ள வாக்கியமும் தேடுபொறிக்குச் சூழலைத் தருகிறது, 'இங்கே' என்பதால் அந்த லிங்க் செத்துவிடவில்லை.

'கேள்' என்பது தவறு இருக்கும் இடத்துக்கு மட்டும்: பெயர் பிழை, தவறான பக்கம், இறந்த முகவரி, மேலே பார்த்த 800 பக்க ஃபூட்டர். மின்னஞ்சலில் மூன்று விவரங்கள் போதும்: லிங்க் இருக்கும் பக்கம், இப்போது உள்ள வரி, இருக்க வேண்டிய வரி. எஸ்இஓ (தேடுபொறிக்கேற்பத் தளத்தைச் செம்மைப்படுத்துவது) என்ற சொல்லே வேண்டாம். இறந்த முகவரி நம் பக்கத்துத் தவறு என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை. பழைய முகவரியிலிருந்து அதே பொருளுள்ள புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் சோம்பேறித்தனத்தைக் கூகுள் சாஃப்ட் 404 (உண்மையில் இல்லாத பக்கம்) என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

'ரெல் சேர்' நாம் வைத்தவற்றுக்கு. விருந்தினர் கட்டுரைகள், பத்திரிகைச் செய்திக் குறிப்புகள், இலவசமாகக் கொடுத்த விட்ஜெட், தீம் ஃபூட்டர் ஆகியவற்றில் சொல் திணித்த ஆங்கர் கூகுளின் ஸ்பேம் கொள்கையில் வெளிப்படையாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ரெல் பண்பில் எழுத வேண்டியது: காசு கைமாறிய லிங்க் என்றால் ஸ்பான்சர்ட், பயனர்கள் தாங்களே எழுதியது என்றால் யூஜிசி, மற்றபடி நோஃபாலோ. நோஃபாலோ 2005-இல் வந்தது; மற்ற இரண்டும் 2019 செப்டம்பரில். அப்போதிலிருந்து மூன்றும் கட்டளை அல்ல, குறிப்புதான் என்று கூகுள் சொல்கிறது. அத்தோடு ஆங்கரையும் பிராண்ட் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

குப்பை ஆங்கர்களை விலக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அவை போகும் பக்கம் எது? முகப்புக்கு என்றால் பெரும்பாலும் தானியங்கி ஸ்பேம், விட்டுவிடலாம். நாம் உருவாக்கவே இல்லாத முகவரிகளுக்குப் போகிறது என்றால் தளத்துக்குள் யாரோ புகுந்து பக்கங்கள் போட்டிருக்கலாம். சர்ச் கன்சோலின் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியையும், நம் டொமைனுக்குள் மட்டும் தேடி அந்தச் சொற்கள் வருகிறதா என்பதையும் பாருங்கள். அங்கே ஆங்கர் வேலை நின்று, சர்வர் வேலை தொடங்குகிறது.

'விலக்கு' என்பது 2012 அக்டோபரில் வந்த டிஸ்அவோ கருவி; குறிப்பிட்ட லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்ல. மேனுவல் ஆக்ஷன் வந்திருந்தால், அல்லது காசு கொடுத்துக் குவித்த லிங்க்குகளால் வரப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் தொடுங்கள். கோப்பு சாதாரண டெக்ஸ்ட், யூடிஎஃப்-8 என்கோடிங். அதிகபட்சம் 2 எம்பி, 1,00,000 வரிகள். வரிக்கு ஒரு முகவரி. முழு டொமைன் என்றால் முன்னால் 'டொமைன்' என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும், நடுவில் இடைவெளி இல்லாமல். ஹேஷ் குறியில் தொடங்கும் வரி குறிப்பு. சர்ச் கன்சோலில் பதிவு செய்த தளத்துக்கு ப்ராப்பர்டி என்று பெயர். டொமைன் வகை ப்ராப்பர்டிக்கு இந்தக் கருவி வேலை செய்யாது, முகவரி முன்னொட்டு வகை ப்ராப்பர்டி வேண்டும். முக்கியமான பொறி இது: புதிய கோப்பு பழையதோடு சேராது, அதை அழித்துவிட்டு உட்காரும். ஆகவே முதலில் பழையதை இறக்கி, அதன் கீழே சேர்த்து ஏற்றுங்கள்.

மாற்றியபின் பார்ப்பது

உள் லிங்க்குகளை ஒரே நாளில் தளம் முழுக்க மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்போதும் தெரியாது. ஒத்த நிலையில் உள்ள இரண்டு பக்கங்களை எடுங்கள். ஒன்றுக்கு வரும் உள் ஆங்கர்களை மாற்றுங்கள், இன்னொன்றைத் தொடாதீர்கள். மாற்றிய தேதியைத் தாளில் குறியுங்கள். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் பக்கத்தை வடிகட்டி, தேடல் சொற்களை முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். கிளிக்கைவிட முதலில் பார்க்க வேண்டியது, ஆங்கரில் சேர்த்த சொற்களுக்குப் பக்கம் புதிதாகத் தோன்றத் தொடங்கியிருக்கிறதா என்பதை. அறிக்கை 16 மாதம்வரைதான் தரவை வைத்திருக்கும். மாற்றும் முன் நிலவரத்தை ஏற்றுமதி செய்து வையுங்கள்.

லிங்க் இருக்கும் பக்கத்தைக் கூகுள் மறுபடி வந்து படிக்கும்வரை எதுவும் மாறாது. போய்ச் சேரும் பக்கத்துக்கு மறுபடி இண்டெக்ஸ் கேட்டுப் பயனில்லை. ஆங்கர் இருப்பது இன்னொரு பக்கத்தில். சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் லிங்க் உள்ள பக்கத்தைக் கொடுத்துக் கடைசியாகக் கிரால் செய்த தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கும் மாற்றிய தேதிக்கும் இடையே கோர் அப்டேட் (கூகுள் தன் தேடல் முறையில் செய்யும் பெரிய மாற்றம்) ஏதாவது ஓடியதா என்று கூகுளின் தேடல் நிலைப் பலகையில் சரிபார்க்கவும். ஓடியிருந்தால் அந்த ஒப்பீட்டைத் தள்ளிவிட்டு, அது முடிந்தபின் புதிதாக 28 நாள் எடுங்கள்.